பெரியவர் தூங்கிட்டாரா?

வெள்ளந்திபுரத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். அதில் பாதி கட்டுக்கதை, நம்பாதீர்கள். மீதிப் பாதியைத்தான் நான் இப்போது சொல்லப்போகிறேன்.

அந்த ஊரில் திருடினால்கூடப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளாமல் போனால் மட்டும் மன்னிப்பு கிடையாது. எங்கே போய் உட்கார்ந்தாலும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லி, எதிராளி "சரி, போயிட்டு வாங்க" என்ற பிறகுதான் செருப்பில் கால் நுழைக்க வேண்டும். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் டிரைவரில் தொடங்கிக் கடைசி சீட்டுவரை ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டுதான் இறங்குவார். அதனால் அந்த பஸ் என்றைக்கும் நேரத்துக்குத் திருச்சி போய்ச் சேர்ந்ததில்லை. போன வீட்டில் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தால் தட்டி எழுப்பிச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் சந்தோஷமாக வழியனுப்பிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார்.

இந்த ஊர்க் கடைத்தெருவில் ஏகாம்பரம் ஒரு வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கேமரா அவர் கையில். எடிட்டிங் கோதண்டம். லைட் பிடிப்பது உலகநாதன். மூன்று பேரும் சேர்ந்து மூளையை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, எங்கே வைத்தோம் என்று மறந்துபோன மாதிரி இருப்பார்கள். ஆனால் தங்கமானவர்கள்.

ஸ்டுடியோவின் பின்னறையில் ஒரு பேக்கப் கம்ப்யூட்டர் இருந்தது. ஊரில் எடுத்த கல்யாண வீடியோ ஒவ்வொன்றும் அதன் ஹார்ட் டிஸ்க் இரண்டில்தான் பத்திரமாக இருந்தது. ஊரில் நடந்த அத்தனை கல்யாணமும் தெரிந்தவர் என்பதால் அதற்குப் பெரியவர் என்று பெயர். தினமும் கடை சாத்தும்போது மூவரும் பெரியவர் எதிரே நிற்பார்கள். கோதண்டம் கீபோர்டில் "போயிட்டு வரோம்" என்று அடித்து சேவ் பண்ணுவான். டிஸ்க் கிர்ரென்று சுற்றும். பெரியவர் "சரி, போயிட்டு வாங்க" என்கிறார் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு திங்கட்கிழமை திருச்சியிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் ஜெரோம் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணே, டிஸ்க் ரெண்டும் கிழடு தட்டிருச்சு. ஓயாம சுத்திச் சுத்திச் சூடேறிக் கிடக்கு. நான் வெள்ளிக்கிழமை புது டிஸ்க்கோட வர்றேன். அதுவரைக்கும் இதுக்கு ஓய்வு குடுத்தாத்தான் ஒரே ஒரு தடவை காப்பி எடுக்கிற அளவுக்காவது தாங்கும்."

"ஆஃப் பண்ணிரவா?" என்றார் ஏகாம்பரம்.

"ஆஃப் பண்ணிராதீங்க. பண்ணா மறுபடி ஆன் ஆகாது. யாரும் தொடாம விட்டா டிஸ்க் தானா சுத்துறதை நிறுத்தித் தூங்கிரும், அப்படி செட்டிங் வச்சிருக்கேன். தூங்கிருச்சான்னு மட்டும் அப்பப்பப் பாத்துக்குங்க. காதை வச்சா சத்தம் கேக்கக் கூடாது, கையை வச்சா அதிர்வு இருக்கக் கூடாது. உள்ள போய் எந்த ஃபோல்டரையும் திறக்காதீங்க, முழிச்சுக்கும். வெள்ளிக்கிழமைவரைக்கும் இப்படியே ஓடிச்சுன்னா அத்தனை வீடியோவும் போச்சு."

ஏகாம்பரம் பெட்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். ஊராருக்கெல்லாம் கல்யாண வீடியோ போட்டுக் கொடுத்த மனிதர், தன் கல்யாண வீடியோவுக்கு ஒரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை. அது பெரியவரிடம் மட்டும்தான் இருந்தது. அதில் அவர் மனைவி செண்பகத்தின் அப்பா வருவார். கல்யாணத்துக்கு மறு வருஷமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் நடப்பதும் பேசுவதும் உலகத்திலேயே அந்த ஒரு வீடியோவில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் கல்யாண நாளன்று செண்பகம் ஸ்டுடியோவுக்கு வந்து பார்ப்பாள். வெற்றிலையை மென்றுகொண்டே அவர் "சாப்பிட்டியாம்மா" என்பார். "சாப்பிட்டேம்ப்பா" என்று இவள் நாற்காலியிலிருந்து பதில் சொல்வாள். இந்த வருஷம் கல்யாண நாள் அதே வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் போய் "உங்கப்பா அழிஞ்சிட்டார்" என்று எந்த வாயால் சொல்வது?

ஜெரோம் பஸ் ஏறியதும் வேலை ஆரம்பமானது. கொஞ்ச நேரம் விட்டுப்பார்த்து, ஏகாம்பரம் பெட்டியில் காதை வைத்தார். ம்ம்ம் என்று ரீங்காரம் கேட்டது.

"சுத்துது" என்றார்.

"ஃபேன் சத்தமா இருக்கும்ணே" என்று கோதண்டம் ஃபேனை நிறுத்தினான். ரீங்காரம் நிற்கவில்லை. ட்யூப்லைட்டை அணைத்தார்கள், நிற்கவில்லை. பக்கத்து மாவு மில்லில் போய்க் கையைக் காலைப் பிடித்து மிஷினை நிறுத்தச் சொன்னார்கள். அப்போதும் அதே ரீங்காரம், இப்போது ராகமாகவே கேட்டது. கடைசியில் ஏகாம்பரம் காதை எடுத்துவிட்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டு முனகிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"முக்கியமான வேலை நடக்கும்போது பாட்டு வந்துருதுண்ணே."

வாயில் ஒரு கமர்கட்டைத் திணித்து அவனை அடக்கினார்கள். மாவு மில் மறுபடி ஓட ஆரம்பித்தது. இனி காதை நம்பிப் பயனில்லை என்று ஏகாம்பரம் பெட்டியின்மேல் கையை வைத்தார். கடகடவென்று அதிர்ந்தது. பெரியவருக்குக் குளிர் காய்ச்சலோ என்று பயந்துவிட்டார்.

"ஒரு போர்வை போத்துவோமா?" என்றான் கோதண்டம், கவலையோடு.

போர்த்தினார்கள். போர்வையும் சேர்ந்து அதிர்ந்தது. கோதண்டம் வெந்நீர் வைக்க எழுந்தபோது அதிர்வு சட்டென்று நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்தான், அதிர்ந்தது. எழுந்தான், நின்றது. ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். பெட்டி இருந்த மேஜையின் குறுக்குச் சட்டத்தில் காலை வைத்து, கோதண்டம் ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறான். பள்ளிக்கூடத்திலிருந்து இருக்கிற பழக்கம். காலை ஒரு துண்டால் பெஞ்சோடு கட்டிப்போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒரு சலனமும் இல்லை. மில்காரர் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து ஏகாம்பரம் காதையும் வைத்துப் பார்த்தார். சத்தமே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தூங்கிட்டாரு" என்றார் மெதுவாக.

மூவரும் கைகட்டிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு கடையைச் சாத்த எழுந்தார்கள். கோதண்டம் கால்கட்டை அவிழ்த்துக்கொண்டு, கீபோர்டில் "போயிட்டு வரோம்" என்று அடித்து சேவ் பண்ணினான். டிஸ்க் கிர்ரென்று சுற்றியது.

செவ்வாயும் இதே கதைதான். பகலெல்லாம் பாடுபட்டுத் தூங்கவைப்பார்கள், போகும்போது எழுப்பிச் சொல்லிவிட்டுப் போவார்கள். கமர்கட் மட்டும் புதிது.

புதன்கிழமை ஏகாம்பரம் ஜெரோமுக்குப் போன் போட்டார்.

"தம்பி, பெரியவரு தூங்குறாரு. நாங்க கிளம்புறப்பல்லாம் முழிச்சுக்கிறாரு."

"நீங்க எதையாவது சேவ் பண்றீங்களா?"

"சேச்சே. சொல்லிக்கிறோம், அவ்வளவுதான்."

என்ன சொல்கிறார்கள், எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டான் ஜெரோம். பிறகு, "அண்ணே, கும்பிட்டுக் கேட்டுக்குறேன். சொல்லிக்காம போங்க" என்று வைத்துவிட்டான்.

ஏகாம்பரம் போனைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். சொல்லிக்கொண்டு போனால் மாமனார் போய்விடுவார். சொல்லிக்கொள்ளாமல் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது.

"யோசிச்சுப் பாத்தா வழி இருக்குண்ணே" என்றான் உலகநாதன், கமர்கட்டைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. "போனாத்தான சொல்லிக்கணும்? போகலைன்னா?"

எவ்வளவு பெரிய விஷயத்தை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். மூவரும் பின்னறையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். இனி வெள்ளிக்கிழமைவரை யாரும் போவதில்லை. டீக்கடைக்காரர் டீ கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் தானும் சொல்லிக்கொள்ளாமல் போக முடியாதே என்று ஒரு ஓரமாக உட்கார்ந்தார். அவரைத் தேடி வந்தவர், அந்தத் தேடி வந்தவரைத் தேடி வந்தவர் என்று மத்தியானத்துக்குள் பின்னறையில் காலை நீட்ட இடமில்லை. கடைசியில் செண்பகம் டிபன் கேரியரோடு வந்து சேர்ந்தாள்.

"என்னங்க, என்ன கூட்டம்?"

ஏகாம்பரம் எல்லாவற்றையும் சொன்னார். அப்பா வீடியோவுக்கு ஆபத்து என்பதை மட்டும் சொல்லாமல் விடலாம் என்று நினைத்தார். ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அதைத்தான் முதலில் சொன்னார். செண்பகம் கேரியரைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பெரியவரையே பார்த்தாள்.

"எங்கப்பா செத்தப்ப ஊரே வந்துச்சு" என்றாள். "ஒருத்தர்கூடச் சொல்லிக்கிட்டுப் போகலையேங்க."

அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. வாஸ்தவம். துக்க வீட்டில் மட்டும் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு துக்கத்துக்கு வர வேண்டியிருக்கும். வந்தோமா, அழுதோமா, வாயைத் திறக்காமல் போனோமா என்று இருக்க வேண்டும். அதுதான் மரியாதை.

"அப்ப இதைத் துக்க வீடாக்கிட்டா எல்லாரும் தாராளமா கிளம்பலாம்" என்றான் கோதண்டம்.

"துக்க வீடுன்னா ஒரு சாவு வேணுமேடா" என்றார் ஏகாம்பரம்.

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் இந்த வாரம் தோதுப்படவில்லை. டீக்கடைக்காரருக்குப் பால் பாக்கெட் வரவேண்டியிருந்தது. உலகநாதனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஏகாம்பரத்தின் பார்வை, மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய பிரிண்டர்மேல் விழுந்தது. ஊரின் பாதிக் கல்யாண ஆல்பத்தை அடித்துக் கொடுத்த பிரிண்டர். போன தீபாவளியிலிருந்து படுத்த படுக்கை.

"இது எப்பங்க போச்சு?" என்றாள் செண்பகம்.

ஏகாம்பரம் பிரிண்டரின் பட்டனை அமுக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இப்பத்தான்."

அதற்குப் பிறகு மளமளவென்று காரியம் நடந்தது. வாசலில் ஷாமியானா போட்டார்கள், பிளாஸ்டிக் நாற்காலி இறக்கினார்கள். பிரிண்டரைத் துடைத்து, பெஞ்சில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். எது தலை என்பதில் மட்டும் கொஞ்சம் வாக்குவாதம். பேப்பர் போகிற பக்கம்தான் வாய், வாய் இருக்கிற பக்கம்தான் தலை என்று முடிவானது. பறை அடிக்கிறவரும் வந்துவிட்டார். ஆனால் பக்கத்திலேயே பெரியவர் தூங்குகிறாரே.

"தோல்ல படாம அடிங்கண்ணே" என்றார் ஏகாம்பரம்.

அவரும் தொழில் தெரிந்தவர். பறைக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் அடித்தார். சங்கு ஊதுகிறவர் மூச்சை உள்ளே இழுத்து ஊதினார். ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்து ஒப்பாரி வைத்தார்கள். அவ்வளவு அமைதியான சாவு அந்த ஊரில் அதற்கு முன் விழுந்ததில்லை.

"எப்படி ஆச்சு?" என்று வந்தவர்கள் காதோடு கேட்டார்கள்.

"பேப்பர் தொண்டையில மாட்டிக்கிச்சு. இழுத்துப் பாத்தோம். பாதிதான் வந்துச்சு" என்றான் கோதண்டம். சொல்லும்போதே அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

வந்தவர்கள் பிரிண்டருக்கு மாலை போட்டார்கள். அப்படியே நகர்ந்து பெரியவர்மேல் கையை வைத்து, "நின்னுதான் இருக்கு" என்று தலையசைத்தார்கள். பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நடையைக் கட்டினார்கள். ஏகாம்பரமும் அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார். வியாழன் முழுக்க டிஸ்க் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஜெரோம் பஸ்ஸை விட்டு இறங்கினான். ஷாமியானாவையும் காற்றில் பறை அடிப்பவரையும் பார்த்தான். செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து, வாசலில் நின்றவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏகாம்பரம் அண்ணனா?" என்றான்.

"ஆமா தம்பி, நான்தான். உள்ள வா" என்றார் ஏகாம்பரம்.

விஷயம் புரிய ஜெரோமுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழுதாகப் புரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஆனால் பெரியவர்மேல் கையை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். இரண்டு டிஸ்க்கும் குளிர்ந்து கிடந்தன. "இவ்வளவு நல்லா யாருமே ஓய்வு குடுத்ததில்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் புது டிஸ்க்கை மாட்டிக் காப்பி போட்டான். பழைய டிஸ்க் முனகியது, இழுத்தது, ஒருதரம் நின்றேபோய்விட்டது. ஏகாம்பரம் சாமி படத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுபடி சுற்றியது. மத்தியானத்துக்குள் எல்லாக் கல்யாணமும் புது டிஸ்க்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஜெரோம் இடம் தெரிந்து நடந்துகொண்டான். பையை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறிவிட்டான். படித்த பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

செண்பகம் பட்டுச் சேலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வீடியோ ஓடியது. அப்பா வந்தார். வெற்றிலையை மென்றுகொண்டு, "சாப்பிட்டியாம்மா" என்றார்.

"சாப்பிட்டேம்ப்பா" என்றாள் செண்பகம். ஏகாம்பரத்துக்கு அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை பிரிண்டரை வேண்டுமானாலும் கொடுக்கலாம் போலிருந்தது.

வீடியோவின் கடைசியில், மகளை மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டு அப்பா கிளம்புகிற இடம் வந்தது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். திரும்பிப் பார்த்தார்.

"போயிட்டு வரேம்மா" என்றார்.

மாலையோடு கிடந்த பிரிண்டரை எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

"துக்க வீட்டுல சொல்லிட்டாரேண்ணே" என்றான் கோதண்டம். அவன் கால் தானாக ஆட ஆரம்பித்தது. "இன்னொரு சாவு விழுமே. யாரு?"

உலகநாதன் கமர்கட்டை விழுங்கிவிட்டான்.

ஏகாம்பரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "பயப்படாதீங்க. விழ வேண்டியது விழுந்தாச்சு. மாமா இதைச் சொன்னாரு, மறு வருஷம் மாமாவே போயிட்டாரு. அதோட சரியாப்போச்சு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. செண்பகத்துக்கு மட்டும் வரவில்லை.

"அப்ப, இதைச் சொன்னதாலதான் எங்கப்பா செத்தாரா?"

ஏகாம்பரம் பிரிண்டரின் மாலையைச் சரிப்படுத்தினார்.

"சொல்லாம இருந்திருந்தா?"

"இருந்திருப்பாரு" என்றார் ஏகாம்பரம்.

செண்பகம் சத்தமில்லாமல் அழுதாள். ஏகாம்பரத்தால் அதைப் பார்க்க முடியவில்லை. கோதண்டம்தான் தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணே, வெட்டிரலாமா?"

"எதைடா?"

"அந்த வார்த்தையை. நம்ம தொழிலே அதான? தாலி கட்டுறப்ப தும்மினா வெட்டுறோம், யாரும் தும்மலைன்னு ஆயிருது. போன மாசம் பந்தியில நடந்த சண்டையை வெட்டிக் குடுத்தோம். இப்ப ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒண்ணா கோயிலுக்குப் போறாங்க."

மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. கோதண்டம் உட்கார்ந்து, காலை ஆட்டாமல், அந்த ஒரு வார்த்தையை மட்டும் நறுக்கி எடுத்தான். இப்போது அப்பா படியிறங்கினார், திரும்பிப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை, பூ தூவி வீடியோ முடிந்தது. "சரியா இருக்குங்க" என்றாள் செண்பகம், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

ஏகாம்பரமும் அவளும் வேகவேகமாக வீட்டுக்குப் போனார்கள். செண்பகம் மூன்று இலை போட்டாள். மூன்றாவது இலையில் அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலைக் கூடுதலாக வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். எங்கிருந்து வருகிறாரோ, பஸ் கிடைக்க வேண்டாமா, கொஞ்சம் முன்பின் ஆகும்தான்.

ஏகாம்பரம் அதற்குள் வேறு ஒன்றை யோசித்துவிட்டார். மாமனார் வந்தால், சாப்பிட்டுவிட்டு எப்படிக் கிளம்புவார்? சொல்லிக்கொண்டு போவதற்கு அவரிடம் வார்த்தை இல்லை, அதைத்தான் வெட்டியாயிற்று. சொல்லிக்கொள்ளாமல் போகிற மனிதரும் இல்லை. ஆகவே இனிமேல் அவர் இந்த வீட்டோடுதான். ஏகாம்பரம் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போனார். வீட்டில் இருந்த ஒரே கட்டிலைத் துடைத்து, மாமனாருக்கு உறை மாற்றிய தலையணை ஒன்றைப் போட்டுவிட்டு, தனக்கு ஒரு பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.